கீமோ நடக்கும்போது சுக்கு, தைலம், சீந்தில் பொடி: எதை நிறுத்துவது?

குன்னூர்க்காரர்:
அம்மாவுக்கு (58) பெருங்குடல் புற்று. கோவையில் ஆக்சாலிபிளாட்டின் ஊசி, வீட்டில் கேப்சிட்டபின் மாத்திரை, 21 நாளுக்கு ஒரு சுற்று. கூடவே சுக்குக் காபி, மூட்டுவலிக்கு விண்டர்கிரீன் தைலம், சீந்தில் பொடி, ஒரு மல்டிவைட்டமின். டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊசி போட்டுத் திரும்பும்போது மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் குமட்டல் தாங்கவில்லை.

மருந்துக்கடை_உதகை:
முதலில் சீந்திலை நிறுத்துங்கள். அதனால் கல்லீரல் அழற்சி வந்ததாக 2020க்குப் பிறகு இந்தியாவிலேயே பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி அளவு ஏறினால் கீமோ மருந்தாலா பொடியாலா என்று டாக்டருக்குத் தெரியாது. அடுத்த சுற்று தள்ளிப்போகும்.

மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் இருந்தால் கேப்சிட்டபினின் பக்கவிளைவு கூடும்: வாய்ப்புண், வயிற்றுப்போக்கு. கீரை, பருப்பு வழக்கம்போலச் சாப்பிடலாம்; பயம் மாத்திரையில்தான்.

நம்ம ஊர் விண்டர்கிரீன் தைலத்தை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். தோல் வழியாக ரத்தத்தில் சேரும். தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) குறைந்திருக்கும் நாட்களில் ரத்தக்கசிவை வளர்க்கும். நிறுத்திவிடுங்கள். உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. 5 மில்லியில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது.

சுக்கு வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை, அதாவது கால் டீஸ்பூன் தட்டையாக ஒன்று அல்லது இரண்டு. வாந்தி மாத்திரைக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து. நெஞ்செரிந்தால் விடுங்கள். தட்டணு குறைந்தாலும் கேட்டுவிட்டுத்தான்.

அக்குபிரஷர்_கொடை:
மலைப்பாதைக்கு: உள்ளங்கை முடியும் மணிக்கட்டுக் கோட்டிலிருந்து அம்மாவின் மூன்று விரல் அகலம் முழங்கை நோக்கி வந்தால், இரண்டு நரம்புபோல் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம். கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் ஆரம்பிக்க வேண்டும். குமட்டல் வந்தபின்னும் அழுத்தலாம். ஊசிக்குழாய் இருக்கும் கை, வீங்கிய கை வேண்டாம்.

வார்டு_நர்ஸ்:
யாரும் கேட்காத ஒன்று: ஆக்சாலிபிளாட்டினுக்குக் குளிர் ஆகாது. ஊசிக்குப் பிறகு நாலைந்து நாள் பச்சைத் தண்ணீர் பட்டால் விரல் சுருக்கென்று குத்தும். குளிர்ந்த காற்றை இழுத்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். குன்னூர் குளிரில் கையுறை, மூக்கும் வாயும் மறைய மப்ளர், வெதுவெதுப்பான நீர் மட்டும்.

குன்னூர்க்காரர்:
அப்போ தைலத்துக்குப் பதில் வெந்நீர்ப் பை?

வார்டு_நர்ஸ்:
மூட்டுக்கு வைக்கலாம், துணி சுற்றி. ஆனால் விரல் மரத்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே தைலம் போட்டு ஆவி பிடிக்கவைத்து நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரி. அடுத்த ஊசிக்குப் போகும்போது எல்லா டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.