நம்ம வீடு, சந்தூர் (குடும்ப குரூப்)

மத்தூர் அத்தை: ஏம்மா தீபா, டாக்டர் என்ன சொன்னாரு? ராத்திரி பூரா தூக்கமே இல்ல

தீபா: அப்பா முதுகுல வெச்ச ராடு உடைஞ்சிருக்கு அத்தை. போன தடவை இடுப்புல இருந்து எடுத்து வெச்ச எலும்பு கூடவே இல்லயாம்

சந்தூர் மாமா: அதான் கூடலையே, மறுபடி எதுக்கு எலும்பு வெக்கணும்?

தீபா: அது ரத்த ஓட்டம் அறுந்த எலும்பு மாமா. சுத்தியிருக்கற இடத்துல இருந்து ரத்தக்குழாய் உள்ள வளர்ந்து, பழச அரிச்சு புதுசா கட்டணும். கட்டிக்கு கரண்டு (ரேடியேஷன்) வெச்சாங்கல்ல, அந்த இடத்துல ரத்தமே சரியா போகல

தீபா: இப்ப கரண்டு படாத விலா எலும்பா பார்த்து, குழாயை அறுக்காம அதோடவே திருப்பி முதுகெலும்புல பதிக்கறாங்க. எலும்பு உயிரோட இருக்கும். கை ஒடிஞ்சா கூடுதுல்ல, அந்த மாதிரி கூடும்

சந்தூர் மாமா: அட, நெருக்கு ஒட்டு!

சந்தூர் மாமா: தாய் மரத்துல கிளை இருக்கறப்பவே கன்னை பக்கத்துல வெச்சு, ரெண்டையும் சீவிக் கட்டுவோம். புடிக்கற வரைக்கும் கிளைக்கு சாறு தாய்கிட்ட இருந்துதான். மென்தண்டு ஒட்டுன்னா குச்சியை அறுத்து சொருகறது, பாதி காஞ்சிரும்

தீபா: அதேதான் மாமா 😄 நீங்க புடிச்சதும் தாய்ப்பக்கம் அறுத்துருவீங்க, இங்க அப்படியே விட்டுருவாங்க

ஓசூர் அண்ணன்: கால் எலும்பு எடுப்பாங்கன்னு படிச்சேன்?

தீபா: பிபுலா. 1975லயே ஆஸ்திரேலியாவுல இயான் டெய்லர்னு ஒரு டாக்டர் இந்த முறையை எழுதியிருக்கார். அதுல குழாயை அறுத்து, மைக்ராஸ்கோப் வெச்சு வேற குழாயோட தைக்கணும். தச்ச இடத்துல ரத்தம் கட்டிக்கிட்டா அவ்ளோதான். அப்பாவுக்கு நெஞ்சுக்குப் பின்னாடிங்கறதால விலாவே எட்டும்

மத்தூர் அத்தை: விலா எடுத்தா மூச்சு விட முடியுமா?

தீபா: ஒண்ணுதான் அத்தை. இருமினா தும்மினா கொஞ்ச நாள் வலிக்குமாம்

மத்தூர் அத்தை: பிரண்டைத் துவையல் அரைச்சு அனுப்பறேன்

தீபா: அனுப்புங்க. பீடி மட்டும் யாரும் அனுப்பாதீங்க. குடிச்சா எலும்பு கூடாதுன்னு போன தடவையே சொன்னாங்க. யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்

சந்தூர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அப்பா: பாத்துட்டுதான் இருக்கேன்

அப்பா: மச்சான், மாட்டுக் கொட்டாய் எறவாணத்துல ஒரு கட்டு சொருகி வெச்சிருக்கேன். எடுத்து அடுப்புல போட்டுரு