வெப்பப் படத்தின் நடுவே விழும் கரும்பட்டையை நீக்க வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். தானாக ஒளி எதையும் வீசாமல், பொருள்கள் இயல்பாக வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் வாங்கிப் படமாக்கும் கண்காணிப்புக் கருவி ஒன்றை அமைத்து வருகிறேன். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் உணரிகள், திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்டு, செங்குத்து வரிசையில் உள்ளன. முன்வில்லைக்குப் பின்னால் ஊசலாடும் சமதள ஆடி, காட்சியை இடமிருந்து வலமாக வருடுகிறது.

உணரிகளின் உணர்திறன் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் எழுந்த கிடைமட்டக் கோடுகளை, வெப்பநிலை தெரிந்த இரண்டு கரும்பரப்புகளை (தம்மேல் விழும் கதிர்களை ஏறத்தாழ முழுதும் உறிஞ்சும் பரப்புகள்)ப் பார்க்கவைத்துத் திருத்திவிட்டேன். ஆனால், ஒரே சீரான வெப்பமுள்ள தகட்டைப் பார்க்கும்போதும் படத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு மங்கிய கரும்பட்டை நிற்கிறது. குவியத்தை மாற்றினால் அதன் அகலமும் மாறுகிறது. ஆடி நடுநிலைக்கு வரும் கணத்தில், குளிர்ந்த உணரி வில்லைப் பரப்பில் எதிரொளிக்கும் தன் பிம்பத்தையே காண்கிறது, அந்தக் குளிர்ச்சியே படத்தில் கருமையாகத் தெரிகிறது என்பதே என் கணிப்பு.

பட்டையை மென்பொருளில் கழித்துப் பார்த்தேன். வில்லை சற்றுச் சூடானதும் அது மீண்டும் தலைகாட்டுகிறது. ஆகவே ஒளியியலிலேயே தீர்வு காண விரும்புகிறேன். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு மட்டும் போதுமா, அல்லது வில்லையின் வளைவையே மாற்றி வடிவமைக்க வேண்டுமா? எந்தப் பரப்பு குற்றவாளி என்பதை வில்லைகளைக் கழற்றாமல் கண்டறியும் முறை தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.