சி பாய்ஷி இறால்: மை பரவுகிறது, உதவுங்கள்

சீன மை ஓவியர் சி பாய்ஷியின் (1864–1957) இறால்களைப் பார்த்து வரையப் பழகுகிறேன். தச்சராக இருந்து ஓவியரானவர். வீட்டில் இறால் வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர். மூன்று மாதமாக மல்லுக்கட்டியும் என் இறால் கம்பளிப்பூச்சியாகத்தான் வருகிறது.

நான் இருப்பது பெய்ஜிங்கில். பதப்படுத்தாத சுவான் தாள் (மையை உறிஞ்சும் சீன ஓவியத் தாள்), ஆட்டுமுடித் தூரிகை, பாட்டில் மை. உடலுக்கு இடும் வெளிர் மை சரியாக நிற்கிறது. தலைக்குள் அடர் மைக் கோடு வைத்ததும் குபுக்கென்று பரவிவிடுகிறது. மீசையும் தடித்துப்போகிறது.

தண்ணீரைக் குறைத்தேன், கோடு உடைந்தது. முழுக்கக் காயவிட்டேன், கோடு ஒட்டவைத்த மாதிரி தனியாகத் தெரிந்தது. அப்புறம் படிகாரம் பூசிய தாள். அதில் பரவவில்லை, ஆனால் அந்தக் கண்ணாடி உடம்பு போச்சு.

வெளிர் மை எந்த அளவு காய்ந்ததும் அடர் கோட்டை வைக்க வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?