லாக்டேட் 4 தாண்டினால் ஆள் தேறாதா?

குழித்துறைப் பேரன்:
நேற்று இங்கே ஒருவர், "ஐசியுவில் லாக்டேட் 4 தாண்டினால் ஆள் தேறாது, பணத்தைக் கரைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதியிருந்தார். லாக்டேட் என்பது உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். படித்ததும் வயிறு எரிந்தது. போன ஆவணியில் எங்கள் பாட்டாவை ஆம்புலன்ஸில் பாலராமபுரம் நெரிசலுக்குள் நுழைந்து திருவனந்தபுரம் கொண்டு போனோம். மூத்திரத் தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது. டாக்டர் சீட்டைக் காட்டி "லாக்டேட் கூடுதலாணு" என்றார். 4.6. மறுநாள் காலை 1.9. பாட்டா இப்போது வாழைக்குத் தண்ணீர் விடுகிறார்.

புளியரை லேப்காரன்:
எழுதியது நான்தான். 22 வருஷம் லேபில் நின்றவன். 4 நான் கண்டுபிடித்த எண் இல்லை, செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஒரு பாட்டா பிழைத்ததால் 4 பொய்யாகிவிடாது.

பாறசாலை சிஸ்டர்:
அந்த 4 எதற்கு என்பதையும் எழுதுங்கள் அண்ணே. பிரஷர் விழுந்தாலோ லாக்டேட் 4 ஆனாலோ, கிலோவுக்கு 30 மில்லி திரவம் ஏற்று என்பதற்காக வைத்த 4 அது. ஆளைக் கைவிடச் சொல்லும் 4 இல்லை. 2016இல் வந்த செப்டிக் ஷாக் (செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் விழும் நிலை) வரையறையில் 4கூடக் கிடையாது, 2தான். திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து ஓட வேண்டும், லாக்டேட்டும் 2க்கு மேல் இருக்க வேண்டும், அதுதான் செப்டிக் ஷாக். அதில் இறப்பு 40 சதவீதத்துக்கு மேல். பயங்கரம்தான். ஆனால் பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்களையும் எண்ணுங்கள். அட்ரினலின் ஓடினால் லாக்டேட் ஏறும், மூச்சிரைப்புக்குச் சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்தால் ஏறும், வலிப்பு நின்ற கையோடு எடுத்தால் எக்கச்சக்கமாக ஏறும். ஈரல் கெட்டிருந்தால் சீக்கிரம் இறங்காது. ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, 2 மணி நேரம் கழித்து அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 11 வருஷமாகக் கட்டில் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

செங்கோட்டை வாசகி:
எங்கள் அத்தைக்கு 36 என்று வந்ததே?

புளியரை லேப்காரன்:
அது மில்லிகிராம் கணக்கு, நாம் இங்கே பேசுவது மில்லிமோல் கணக்கு. 9ஆல் வகுங்கள், 4. அங்கேயும் 4!

பாறசாலை சிஸ்டர்:
அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லையா?

செங்கோட்டை வாசகி:
நன்றாக இருக்கிறார்.

புளியரை லேப்காரன்:
அப்படியென்றால் சாம்பிளில்தான் கோளாறு. கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கச் சொல்லி எடுப்பீர்கள். சாம்பல் மூடிக் குழாயிலும் போடாமல், ஐஸும் வைக்காமல் வார்டு பையனிடம் கொடுப்பீர்கள். அவன் டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து வருவான். அதற்குள் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைக் கூட்டியிருக்கும். பழி மட்டும் லேபுக்கு.

பாறசாலை சிஸ்டர்:
எங்கள் வார்டில் தமனியில் எடுத்துக் கட்டிலருகே ஏபிஜி (ரத்த வாயு) மெஷினில் போடுகிறோம். கட்டும் இல்லை, டீயும் இல்லை. சிஸ்டர்மார் மேல் உங்களுக்கு என்ன பழைய கோபமோ, அதை இங்கே கொட்டாதீர்கள்.

கம்பம் பிஜி மாணவன்:
2019இல் வந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வு, 424 செப்டிக் ஷாக் நோயாளிகள். விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, 3 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்த்துச் சிகிச்சை கொடுத்த பக்கம் 28 நாளில் இறப்பு 34.9 சதவீதம். லாக்டேட்டைப் பார்த்துக் கொடுத்த பக்கம் 43.4.

புளியரை லேப்காரன்:
அந்த வித்தியாசம் புள்ளியியல்படி தேறவில்லை தம்பி. பாதி படித்துவிட்டு வராதீர்கள். 4க்குப் பதில் சொல்லுங்கள்.

குழித்துறைப் பேரன்:
ஐசியு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவன் அந்த வரியைப் படித்தால் என்ன முடிவெடுப்பான்? அதை எடுங்கள் அண்ணே.

புளியரை லேப்காரன்:
எடுக்க மாட்டேன்.

பாறசாலை சிஸ்டர்:
நைட் ட்யூட்டிக்குக் கிளம்புகிறேன். நேற்று 6.2 இருந்தவருக்கு இன்று மதியம் 3.1 என்று பகல் சிஸ்டர் சொன்னாள். போனதும் அடுத்த சாம்பிள் எடுக்க வேண்டும்.

புளியரை லேப்காரன்:
3.1 என்றால் 4க்குக் கீழேதானே!