ஆள் இல்லை என்றால் சார்ட்டைக் கடைசியில் எழுதலாமா?

கயல்_ஸ்டாஃப்:
எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சீனியர் அக்கா, "நைட்டில் நாற்பது பேரைப் பார்க்கிறோம், சார்ட்டை விடியற்காலை மொத்தமாக எழுதினால் போதும்" என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு எழுதும் டிபிஆர் சார்ட் எதையாவது புரட்டுங்கள். நிமோனியாக்காரருக்கும் மூச்சு நிமிடத்துக்கு 20, நாளை டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. உடம்பு மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பதில் மூச்சும் ஒன்று. அதைத்தான் எண்ணாமல் எழுதுகிறோம்.

நைட்டுடியூட்டி77:
எண்ணாமல் எழுதுவது தப்புதான் மேடம். ஆனால் ஆளுக்கு ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சுக்கு மட்டுமே 40 நிமிடம். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. எந்த வார்டில் அப்படி இருக்கிறது? ஆள் போடாதவர்களை விட்டுவிட்டு சிஸ்டரைப் பிடிக்கிறீர்கள்.

கயல்_ஸ்டாஃப்:
ஆள் கேட்டுப் போராடினால் நானும் வருகிறேன். அதுவரை இன்சுலின் காத்திருக்குமா? காலையில் நைட் சிஸ்டர் ஊசி போட்டுவிட்டு, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அடுத்த பெட்டுக்குப் போகிறார். டியூட்டி மாறி ஓவர் (நோயாளிகளின் பொறுப்பு) எடுத்த சிஸ்டர், சார்ட்டில் கையெழுத்து இல்லையே என்று மறுபடி போட்டால் சர்க்கரை இறங்கி ஆளே மயங்கிவிடுவார். நோயாளியைக் கேட்டால் "ஏதோ ஊசி போட்டாங்கம்மா" என்பார், அவ்வளவுதான்.

கோர்ட்பக்கம்:
வக்கீலாகச் சொல்கிறேன். நுகர்வோர் வழக்கில் கேஸ் ஷீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். இரவு முழுக்க ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதியிருந்தால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம். பிந்தி எழுதினால் 'தாமதப் பதிவு' என்று குறித்து, நடந்த நேரம், எழுதும் நேரம் இரண்டையும் போடுங்கள். பிழையை ஒரே கோடாக அடித்துக் கையெழுத்திடுங்கள். வைட்னர் கூடவே கூடாது.

நைட்டுடியூட்டி77:
சார், தாமதப் பதிவைப் பார்த்தாலே எங்கள் இன்சார்ஜ் மெமோ கொடுப்பார். பிறகு ஏன் எல்லோரும் 2 மணி, 4 மணி என்று அழகாக எழுத மாட்டார்கள்?

பெட்12_மகன்:
அம்மாவுக்கு இரவு ஆன்டிபயாடிக் ஊசியில் உடம்பெல்லாம் தடித்தது. காலையில் மேசையருகே நின்றபடியே "பன்னிரண்டு அப்படியே இருக்கு" என்று ஓவரை முடித்தார்கள். அடுத்த டோஸ் எடுத்து வந்தபோது நான்தான் தடுத்தேன். நான் டீ குடிக்கப் போயிருந்தால்?

கயல்_ஸ்டாஃப்:
அதனால்தான் பெட் பக்கத்தில் நின்று ஓவர் கொடுக்கச் சொல்கிறேன் தம்பி. நாற்பது பேருக்கும் வேண்டாம். ஆக்சிஜனில் இருப்பவர், ரத்தம் ஏறுபவர், புதிதாக ஆபரேஷன் ஆனவர், அலர்ஜி வந்தவர். இன்சுலினுக்கு மட்டும் போட்ட கையோடு கையெழுத்து.

நைட்டுடியூட்டி77:
அந்த அளவுக்கு என்றால் சரி, செய்யலாம். மெமோவுக்கு யார் பதில் சொல்வது?

கோர்ட்பக்கம்:
அன்றைக்கு எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப் என்று எழுத்திலேயே பதில் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நைட்டுடியூட்டி77:
கொடுக்கிறேன் சார். அடுத்த வாரம் வரும் டிரான்ஸ்ஃபரையும் நீங்களே நிறுத்திக் கொடுங்கள்.