ஸ்விஃப்ட் முன் பிரேக் டிஸ்க் மாற்றுகிறேன், ஹப்பை விட்டு வரவில்லை

கேள்வி (தூத்துக்குடி ஸ்விஃப்ட்):
வணக்கம். 2012 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். 80-இல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் ஓரத்தில் நகம் இடிக்கும் அளவுக்கு விளிம்பு எழும்பிவிட்டது. புது டிஸ்க் ஜோடி, பேட் செட் இரண்டும் வாங்கிவிட்டேன். இடது பக்கம் காலிப்பரும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அதைத் தாங்கும் பிராக்கெட்டும் கழற்றியாயிற்று. டிஸ்க் மட்டும் அசையவில்லை. வீடு துறைமுகத்துக்குப் பக்கம், உப்புக்காற்றில் ஹப் (டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பாகம்) முழுக்கத் துரு. சுத்தியலால் ஓங்கி அடிக்கலாமா? பழையதையே லேத்தில் கடைந்து போடு என்கிறார் நண்பர்.

பதில் (ஒர்க்‌ஷாப் அண்ணன்):
ஓங்கி அடிக்காதீர்கள் தம்பி, வீல் பேரிங் அடிவாங்கும். வீல் போல்ட்டுகளுக்கு நடுவே டிஸ்க்கில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கும். துரு அடைத்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். இதற்காகவே கம்பெனியில் வைத்தது. இரண்டிலும் எம்8 போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, ஸ்பானரில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். போல்ட் ஹப்பில் முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளிவிடும். அதற்கு முன் ஹப் ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறீர்கள்தானே? வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் ஸ்டாண்ட் கொடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கடைசலுக்குக் கொடுப்பது தப்பில்லை. ஆனால் கடைந்த பிறகும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருக்க வேண்டும். விளிம்பு அவ்வளவு எழும்பியிருந்தால் நான் கடையமாட்டேன்.

பதில் (மதுரை டாக்ஸி):
பேடும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக்கில் வண்டி இழுக்கும்.

தூத்துக்குடி ஸ்விஃப்ட்:
அண்ணா, வந்துவிட்டது! ஓட்டைகள் துருவில் மறைந்தே போயிருந்தன. புது டிஸ்க்கை அப்படியே மாட்டிவிடலாமா? பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனும் உள்ளே போகமாட்டேன் என்கிறது.

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
மாட்டாதீர்கள். வேலையே இனிமேல்தான் இருக்கிறது. ஹப் முகத்தை, போல்ட்டுகளைச் சுற்றியுள்ள இடம் உட்பட, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஒரு துருச் செதில் இடையில் நின்றாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் பேட் ஒரே இடத்தில் உரசி உரசித் தடிமன் மாறிப்போய், பழைய உதறல் திரும்ப வரும். புது டிஸ்க்கே மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஹப்பில்தான் இருக்கும்.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள், சாதா கிரீஸில் ரப்பர் உப்பிப்போகும்.

பிஸ்டனுக்கு பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேடை மேலே வைத்து ஜி கிளாம்பால் மெதுவாக அழுத்துங்கள். ஆயில் மட்டம் ஏறும். நிறைந்து வழியும்போல் இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், அரித்துவிடும்.

பிராக்கெட் போல்ட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள், இதில் கைக்கணக்கு வேண்டாம். வீல் மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் பண்ணுங்கள். முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் போய் நிற்கும்.

அப்புறம் காலியான ரோட்டில் 50-இலிருந்து 10 வரை மிதமாகப் பிரேக் பிடித்து எட்டுப் பத்து முறை ஓட்டுங்கள். சூடான பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம்.

தூத்துக்குடி ஸ்விஃப்ட்:
நன்றி அண்ணா. உப்புத்தாள் வாங்கக் கிளம்புகிறேன். வலது பக்கமும் இதே முறையில் நாளைக் காலை.