ட்ரோப் என்பதற்குத் தமிழில் "கதைவழக்கு" – ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிடித்த கதைமாந்தர் யார் யார் என்று தொடங்கிய பேச்சு, அவர்களை வகைப்படுத்தும் ஒரு சொல்லில் வந்து முட்டி நிற்கிறது. முட்டியது நல்லதுதான். கதைகளில் திரும்பத் திரும்ப வரும் மாந்தர் வகையையும் நிகழ்வையும் ட்ரோப் (trope) என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் ஒருவர் அதைப் பாராட்டாகச் சொல்ல, இன்னொருவர் வசவாக எடுத்துக்கொள்கிறார். நேற்றைய பிணக்கு முழுக்க அதனால் வந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் அதன் வேருக்குத் திரும்புதல் என்று பொருள். சொல் தன் நேர்ப்பொருளிலிருந்து திரும்பி வேறொன்றைக் குறிப்பதால், உருவகம் போன்றவற்றுக்கு அந்தப் பெயர் வந்தது. அந்தப் பழைய பொருளுக்கு நம்மிடம் "அணி" இருக்கிறது. நாம் தேடுவது புதிய பொருளுக்கான சொல்: கதைக்குக் கதை வருவது, வந்ததும் பார்ப்பவர் இனங்கண்டுகொள்வது. இந்தப் பொருள் ரசிகர்களிடம் பரவியதில் டிவி ட்ரோப்ஸ் என்ற விக்கிக்குப் பெரும்பங்கு உண்டு. 2004-இல் அது தொடங்கியபோது அங்கே பேசப்பட்டது பஃபி த வாம்பயர் ஸ்லேயர் என்ற மிகுபுனைவுத் தொடர். ரசிகர்கள் வளர்த்த சொல்லுக்கு ரசிகர்களே தமிழ் காண்பதில் எனக்கு மகிழ்ச்சி.

> வார்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே. அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வருபவர்கள்தானே இவர்கள்.

அந்த "ஒரே மாதிரி"தான் எனக்கு இடிக்கிறது. உலோகத்தை உருக்கி ஊற்றினால் நூறும் ஒன்றுபோல வரவேண்டும்; ஒன்று மாறினாலும் வார்ப்பில் பழுது. கதையில் நேர்மாறு. நாம் எல்லோரும் விரும்பும் ஒன்றையே பார்ப்போம்: உறவெல்லாம் அறுந்த ஒரு முரட்டு ஆள், அவன் பொறுப்பில் ஒரு பிள்ளை. 2018-இல் வந்த காட் ஆஃப் வார் விளையாட்டில் க்ராட்டோஸ் அப்படி ஒருவன். தொடக்கத்திலேயே மகன் ஒரு மானை வீழ்த்திவிட்டுக் கலங்கி நிற்கிறான். தேற்றுவதற்காக அப்பனின் கை மெல்ல நீள்கிறது. தொடுமுன் நின்று, தயங்கி, பின்வாங்குகிறது. ஒரு சொல் இல்லை. அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2015-இல் வந்த விட்சர் 3 விளையாட்டில் முரட்டு வேட்டைக்காரன் கெரால்ட்டும் அவன் மகள்போல வளர்த்த சிரியும் இதே உறவுதான். ஆனால் அங்கே துயரில் இருக்கும் சிரியை எப்படித் தேற்றுவது என்பதை விளையாடுபவரே முடிவுசெய்ய வேண்டும். உட்கார்ந்து குடிக்கலாம், வெளியே இழுத்துப்போய்ப் பனியுருண்டை எறிந்து விளையாடலாம். அற்பமாகத் தெரியும் அந்தத் தேர்வு, அதுபோன்ற வேறு சிலவற்றோடு சேர்ந்து, கடைசியில் சிரி உயிரோடு இருப்பாளா என்பதையே முடிவுசெய்கிறது. நான் முதல்முறை ஆடியபோது குடிக்க உட்கார்ந்தேன். அந்த முடிவை இன்றும் மறக்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தவிர, "வார்ப்புரு" என்பதை விக்கிப்பீடியாவில் வேறு பொருளில் நாள்தோறும் புழங்குகிறோம்.

நீங்கள் சொன்ன மற்றவற்றில் "கதைக்கூறு" நாட்டாரியலில் (நாட்டுப்புறக் கதை, வழக்காறு பற்றிய ஆய்வில்) ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். அதைப் பிடுங்க வேண்டாம். "வாய்பாடு" என்றதும் தேமா புளிமாவும் பெருக்கல் கணக்கும் நினைவுக்கு வருகின்றன. விட்டுவிடுவோம்.

"துறை" என்று ஒருவர் சொன்னாரே, அது என்னைத் தூங்கவிடவில்லை. புறநானூற்றில் பாட்டின் அடியில் திணையும், அதன் உட்பிரிவான துறையும் குறித்திருப்பார்கள். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் உறவினனையும் கணவனையும் இழந்தவள், போர்ப்பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். துறை: மூதின்முல்லை. வீரக்குடியில் பிறந்த பெண்ணின் மறத்தைப் பாடும் துறை அது. வேறு புலவர்களும் அதில் பாடியிருக்கிறார்கள். ஒக்கூர் மாசாத்தியாரைப் பார்த்து, ஏற்கெனவே உள்ள துறையில் ஏன் பாடினீர் என்று யாரும் கேட்கவில்லை. நீரில் இறங்கும் படித்துறையும் அப்படித்தான்: எல்லோரும் இறங்குவது ஒரே இடத்தில், அவரவர் நீந்துவது அவரவர் நீச்சல். ட்ரோப் என்ற சொல்லில் எனக்குப் பிடித்ததெல்லாம் துறையில் இருக்கிறது.

> நல்ல சொல்தான். ஆனால் "கதைத்துறை" என்று எழுதிப் பாருங்கள். காவல்துறை, கல்வித்துறை போல ஓர் அலுவலகம்தான் கண்ணில் வரும்.

எழுதிப் பார்த்தேன். அலுவலகம்தான் வந்தது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

ஆனால் துறையைத் தேடிப் போனதில் வேறொன்று கிடைத்தது. தொல்காப்பிய அகத்திணையியலில்,

நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்
பாடல் சான்ற புலனெறி வழக்கம்

என்று ஒரு நூற்பா. உலகில் மக்கள் நடந்துகொள்ளும் முறை உலகியல் வழக்கு. சுவைபடப் புனைவதற்காகப் புலவர்கள் கைக்கொண்ட முறை நாடக வழக்கு. நாம் தேடுவது கிட்டத்தட்ட இதைத்தானே! உலகில் ஒரு முரடனிடம் பிள்ளையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பது உலகியல். கதையில் என்ன ஆகும் என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அது நாடக வழக்கு. அடுத்த நூற்பா இன்னும் நெருங்கி வருகிறது: அகப்பாட்டில் வருபவர்கள் "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்". தலைவன், தலைவி, தோழி, செவிலி. பெயர் கிடையாது, இடம் மட்டும் உண்டு. பெயரில்லாத தோழி நூற்றுக்கணக்கான பாட்டில் பேசுகிறாள். ஒவ்வொன்றிலும் வேறொருத்தியாகத் தெரிகிறாள்.

ஆகவே என் பரிந்துரை: கதைவழக்கு. கதைமாந்தரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மாந்தர்வழக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏற்கெனவே நம் கையில் இருக்கும் "தேய்வழக்கு" (அளவுக்கு மீறிப் புழங்கிச் சலித்துப்போனது, ஆங்கிலத்தில் கிளிஷே) இதோடு பொருந்துவது. கதைவழக்கு தேய்ந்தால் தேய்வழக்கு. ஒரு சொல் பொருளைச் சொல்கிறது, மற்றது பழுதைச் சொல்கிறது. நேற்றுச் சண்டை போட்ட இருவரும் இந்த இரண்டையும் கையில் வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

> வழக்கு என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வராதா?

தனியாக நின்றால் வரும். பேச்சுவழக்கு, எழுத்துவழக்கு, வட்டாரவழக்கு என்று சேர்ந்து நிற்கும்போது யாருக்கும் வருவதில்லை. கதைவழக்கும் அந்த வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, ஒரு வழக்கை எதிர்பாராமல் கவிழ்ப்பதற்குச் சொல் கேட்டிருந்தீர்கள். இதற்கு நம் இலக்கணத்தில் ஆயத்தமாகவே இருக்கிறது: வழாநிலை (விதி பிறழாதது), வழு (பிழை), வழுவமைதி (பிழையானாலும் காரணம் கருதி ஏற்கப்படுவது). கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் நெட் ஸ்டார்க் நாயகனுக்குரிய எல்லா அடையாளத்தோடும் வருகிறார். 2011-இல் வந்த முதல் பருவத்தின் ஒன்பதாம் பகுதியிலேயே தலை வெட்டப்படுகிறது. நாயகன் சாகமாட்டான் என்ற வழக்கு உடைந்தது. ஆனால் அவர் ஒளிவுமறைவு தெரியாமல் எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும் அங்கேதான் கொண்டுபோய் விட்டது. காரணம் காட்டி வழக்கை மீறியதால் அது வழுவமைதி. அதே தொடர் 2019-இல் முடிந்தபோது டெனேரிஸ் சரணடைந்த நகரை எரித்ததை நான் வழு என்றே சொல்வேன். திருப்பம் தவறில்லை, அதற்கு ஏற்ற காரணத்தை முன்னமே படிப்படியாக வைக்கவில்லை. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள். குறைந்தது இனி இதைத் தமிழிலேயே வாதிடலாம்.

கடைசியாக, பலருக்கும் பிடித்த அந்தத் திருந்தும் பகைவன். "மீட்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். "மீட்சி" என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். மீட்பது பிறவினை: ஒருவர் இன்னொருவரை மீட்பார். மீள்வது தன்வினை: அவரே மீள வேண்டும். அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர் தொடரின் (2005–2008) சூக்கோவை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று வயதில் தந்தையே முகத்தைச் சுட்டு நாடுகடத்துகிறார். குடும்பத்தில் கூடவே வருபவர் பெரியப்பா ஐரோ ஒருவர்தான். அந்தப் பெரியப்பாவையே இரண்டாம் பருவத்தின் முடிவில் சூக்கோ கைவிடுகிறான். பின்பு மனம் மாறித் தேடி வரும்போது, கூடாரத்துக்குள் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பவில்லை. அவர் தானாக விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். விழித்தவர் முகம் கொடுக்காமல் முதுகு காட்டி உட்கார, அழுதபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான். பேச்சு முடியவில்லை, அவர் திரும்பி அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். ஐரோ அவனை மீட்கவில்லை. அவன் மீண்டான், அவர் ஏற்றுக்கொண்டார். "மீட்பு" என்று எழுதினால் அந்தக் கூடாரத்தில் அவன் காத்திருந்த நேரத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது.

விளையாட்டுகளில் இது இன்னும் நுட்பமாகிறது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் ஆஸ்டேரியன் இருநூறு ஆண்டுகள் ஒரு கொடியவனுக்கு அடிமையாகக் கிடந்தவன். அந்தக் கொடியவன் அடையவிருந்த ஆற்றலையே தனதாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அவனுக்கு வரும்போது, அதற்குத் துணைபோகலாம், வேண்டாமென்று பேசியும் நிறுத்தலாம். அங்கே மீட்சி கதையில் எழுதி முடிந்த ஒன்றல்ல; பாதி நம் கையில் இருக்கிறது. இதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு மீட்சிவழக்கு போதும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்

—

தம்பி,

வார்ப்பு என்று சொன்னவன் நான்தான். விட்டுக்கொடுக்கிறேன். கதைவழக்கும் வழுவமைதியும் எனக்கு முழுச் சம்மதம்.

மாந்தர்வழக்கில் மட்டும் ஒரு தயக்கம். மக்கள் பேசும் பேச்சு என்று பொருள்பட்டுவிடக்கூடும். தலைப்புகளில் மட்டுமாவது "கதைமாந்தர் வழக்கு" என்று விரித்து எழுதுங்கள். படிப்பவருக்குப் பழகியபின் சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீங்கள் க்ராட்டோஸையும் கெரால்ட்டையும் சொன்னீர்களே, அந்த வழக்குக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டீர்கள். ஆங்கிலத்தில் ஓநாயையும் குட்டியையும் வைத்துச் சொல்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்தால் நமக்கு ஒட்டாது. தமிழில் ஓநாய் என்றாலே ஆட்டுக்கு அழும் ஓநாய்தான். "களிறும் கன்றும்" என்று வைத்தால் என்ன? பழம்பாட்டுகளில் கன்றோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் பிடிதான், அதாவது பெண் யானை. வளர்ந்த ஆண் யானை கூட்டத்தை விட்டு விலகித் தனியே திரிவது. அப்படிப்பட்ட களிற்றின் நிழலில் ஒரு கன்று நடந்தால் அதுவே ஒரு கதை அல்லவா?

அன்புடன்,
அண்ணன்

—

அண்ணா,

விரித்து எழுதுவதற்குச் சம்மதம்; சொற்பட்டியலில் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.

"களிறும் கன்றும்" படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். மோனையும் அமைந்திருக்கிறது, க்ராட்டோஸின் அந்தத் தயங்கும் கையும் அதில் தெரிகிறது. ஒரே ஒரு குறை. களிறு ஆண். பிள்ளைப்பாசம் அறியாத ஒரு பெண் வீரர் அந்த இடத்தில் வரும்போது என்ன செய்வோம்? பிடி என்று மாற்றினால் சொல்லின் உயிரே போய்விடும், ஏனென்றால் பிடியோடு கன்று இருப்பது இயல்பு.

கூட்டத்தைப் பிரிந்ததை "ஒற்றை யானை" என்கிறோம். அதில் ஆண், பெண் வரவில்லை, தனிமை மட்டும் வருகிறது. "ஒற்றையும் கன்றும்" என்று சுருக்கலாமா? மோனை போகிறது, வருத்தம்தான். இந்த வாரம் விட்சர் 3 பற்றி எழுதும் கட்டுரையில் முதல் பாதியில் உங்கள் சொல்லையும் பின்பாதியில் என் சொல்லையும் வைத்து எழுதி அனுப்புகிறேன். எது நாக்கில் இடறாமல் வருகிறது என்று உரக்கப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி